மாலிப்டினமா, டின் ஆக்சைடா? சேலம் தண்ணீரில் மின் கண்ணாடி உலை

ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடி உருக்குகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், உருகும் கண்ணாடிக்குள் மின்சாரத்தை விடும் எலக்ட்ரோடு டின் ஆக்சைடுதான். மாலிப்டினம் ஈய ஆக்சைடை ஈயமாக்கிவிட்டுத் தானும் கரையும். அந்த ஈயத் துளிகள் உலையின் அடிக்கல்லைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கிராஃபைட்டில் குமிழியும் பழுப்பும் தொல்லை. பிளாட்டினம் விலையிலேயே அடிபட்டுப் போகும்.

சோடா-லைம், போரோசிலிக்கேட் என்றால் எங்கள் ஓட்டு மாலிப்டினத்துக்கு. கம்பியாக வருவதால் தேயத் தேய உலைக்குள் தள்ளலாம்; பின்னால் மரை போட்ட அடுத்த துண்டைப் பூட்டிக்கொண்டே போகலாம். டின் ஆக்சைடு கட்டியாகச் சுவரோடு வைத்துக் கட்டுவது, வெடுக்கென்று சூடேற்றினால் விரியும். அதைப் பற்றி இதற்கு மேல் அழுத்திச் சொல்ல எங்களுக்குக் கைப்பழக்கம் போதாது.

கண்ணாடிக்குள் நடக்கும் அரிப்புக்கு இரண்டு கவனம். பேட்சில் (உலையில் போடும் மூலப்பொருள் கலவையில்) சல்பேட், ஆன்டிமணி, ஆர்செனிக்கைக் குறைக்க வேண்டும். மறுபடி உருக்க வாங்கும் கண்ணாடி உடைசலில் ஈயக் கிரிஸ்டல் துண்டு வரக் கூடாது. அடுத்தது மின்னோட்டம். 50 மி.மீ. தடிமனில் 600 மி.மீ. முங்கிய கம்பிக்குச் சுமார் 960 சதுர செ.மீ. பரப்பு; சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் என்றால் 960 ஆம்பியர். அது 40 மி.மீ. ஆக மெலிந்தபின்னும் அதே மின்னோட்டம் விட்டால் சதுர செ.மீ.க்கு 1.25 ஆம்பியரைத் தொடும். அதற்குப் பிறகு தேய்மானம் ஓட்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் சேலத்தில் மாலிப்டினத்தைக் காப்பதும் கெடுப்பதும் ஹோல்டருக்குப் (உலைச் சுவரில் கம்பியைப் பிடித்துக் குளிர்விக்கும் உறைக்குப்) போகும் தண்ணீர். மாலிப்டினம் உருக 2623 டிகிரி வேண்டும். காற்றுப் பட்டாலோ 400 டிகிரி சுமாரிலேயே ஆக்சைடாகும், 700ஐத் தாண்டினால் வெண்புகையாகப் பறக்கும். கம்பிக்கும் உலைச் சுவர்க் கல்லுக்கும் நடுவே உறைந்து நிற்கும் கண்ணாடிதான் அந்தக் காற்றை அடைக்கிறது. அதை உறைய வைப்பது ஹோல்டரின் குளிர்ச்சி.

சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) மலைப் பக்கத்து போர் தண்ணீரில் மெக்னீசியம், கால்சியம் அதிகம். நேராக விட்டால் ஹோல்டருக்குள் உப்புப் படிந்து வழி குறுகும், வெப்பம் வெளியேறாது, அடைப்புக் கண்ணாடி இளகும். சாஃப்ட்னர் மட்டும் போதாது. அது கடினத்தை எடுக்கும், குளோரைடை விட்டுவைக்கும், சூடான ஸ்டெயின்லெஸ் ஹோல்டரில் குழி விழும். ஆர்.ஓ. அல்லது டி.எம். (தாது உப்பு நீக்கிய) தண்ணீரை மூடிய சுற்றில் ஓட்டி, போர் தண்ணீரை வெப்பப் பரிமாற்றியின் மறுபுறம் வைப்பதே சரி. கரண்ட் போனால் பம்ப் நிற்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் குழாய் கட்டாயம்.

கம்பியைத் தள்ளும்போது தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, அடைப்புக் கண்ணாடி இளகியதும் திருகித் தள்ளுங்கள். அசையாவிட்டால் சுத்தியலைத் தொடாதீர்கள்; வெந்த மாலிப்டினம் நொறுங்கும் குணம் கொண்டது, முறிந்த துண்டு கண்ணாடிக்குள் போய்விடும்.