சினை மாட்டுக்கு வைட்டமின் ஏ: ஊசியா, வேலிமசால் தழையா?

நாங்க வேலிமசால்ங்கற பயறு வகை தீவனச் செடி பக்கம் போனவங்க, அதனால இதுல நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க. இடம் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம், போர் தண்ணி, கலப்பின மாடுங்க.

மொதல்ல ஒண்ண தள்ளி வச்சிரலாம். சினைல வைட்டமின் சி குறைஞ்சா பொறக்கற கெடேரிக்கு சினை நிக்காதுன்னு ஒரு பேச்சு சுத்துது. அந்த பேச்சுக்கு ஆதாரமா காட்டற 2019 ஆய்வு எலில செஞ்சது, அதுவும் மரபணுவ மாத்தி சொந்தமா சி தயாரிக்க முடியாம பண்ணுன எலி. மாடு தன் ஈரல்லயே சி தயாரிச்சுக்கும். பி வகையெல்லாம் பெருவயித்துல இருக்கற நுண்ணுயிருங்க பாத்துக்கும், டி-க்கு நம்ம ஊர் வெயில் போதும். மிச்சம் ஏ-வும் ஈ-யும்தான். ரெண்டும் பச்சைல இருக்கு, காஞ்சு வெளுத்த ராகித்தாள்லயும் சோளத்தட்டுலயும் பேருக்குத்தான்.

ஏ குறைஞ்சா கன்னு வீசறது, நஞ்சுக்கொடி விழாம தங்கறது, கண்ணு தெரியாத கன்னு பொறக்கறது, இதெல்லாம் மாடு வச்சிருக்கறவங்களுக்கு புதுசில்ல. கன்னு வளந்து சினைக்கு வர்ற சமயத்துல என்ன ஆகும்ங்கறதுதான் விஷயம். கெடேரிக்கு ஆயுசு முழுக்க வேணுங்கற கருமுட்டையெல்லாம் தாய் வயித்துக்குள்ளயே உருவாயிடும். அயர்லாந்துல செஞ்சு 2013ல வந்த ஒரு ஆய்வுல, சினை ஊசிக்கு கொஞ்சம் முன்னாலருந்து 110 நாள் வரைக்கும் தீவனத்த வயித்துக்கு பத்தாத அளவுக்கு குறைச்சாங்க. பொறந்த கன்னுங்க எடைல ஒரு கொறையும் இல்ல, ஆனா சினைப்பைல முட்டைப்பைங்க எண்ணிக்கை நல்லாவே கம்மி. செவ்வா சந்தைல எவ்வளவு பழுத்த தரகர் வந்து தடவிப் பாத்தாலும் தெரியாத கொறை இது. அது மொத்த தீவனத்த குறைச்ச ஆய்வு, ஏ-வ மட்டும் குறைச்சது இல்ல, அதனால பச்சை போட்டா கெடேரி கண்டிப்பா சினை பிடிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஊசில வழக்கமா ஏ, டி3, ஈ மூணும் சேந்தே வரும். சீக்கிரம் வேலை செய்யும், ஏ-வ ஈரல் சேத்து வச்சுக்கறதால ரெண்டு மூணு மாசம் தாங்கும். நெலமே இல்லாம தட்டு வாங்கிப் போடறவங்களுக்கு இதுதான் வழி. அளவு மீறுனா கருவுக்கே கெடுதல் பண்ணலாம், அதனால டாக்டர் கையால மட்டும். இன்னொண்ணு, ஊசில வர்றது வைட்டமின் மட்டும்தான், வயிறு ரொம்பாது, புரதம் வராது. பெரும்பாலும் கடைசி ரெண்டு மாசத்துலதான் போடறாங்க. ஏ தாய்கிட்டருந்து கருவுக்கு கொஞ்சம்தான் போகும், சீம்பால்லதான் நெறைய வரும், அந்த கணக்குக்கு கடைசி ரெண்டு மாசம் சரி. ஆனா மொத 110 நாள் அப்பவே போயிருக்கும்ல.

மாசில சினை ஊசி போட்டா அந்த 110 நாள் வைகாசி வரைக்கும் ஓடும். நம்ம பக்கம் போர் மூச்சு வாங்கறது சரியா அப்பதான். கோ-4 மாதிரி புல்லு தண்ணி இருந்தா மலை மாதிரி வெட்டலாம், ரெண்டு வாரம் பாய்ச்சல் தப்புனா காஞ்சு கோலா நிக்கும். அசோலான்னு தண்ணில மெதக்கற சின்ன தீவனச் செடி வளக்கற தொட்டிக்கு நிழல் வேணும், சாணி கரைக்கணும், தண்ணி மாத்தணும், சித்திரை வெயில்ல அது கருகறத பாக்கவே பாவமா இருக்கும். வேலிமசால் வேர் ஆழமா போறதால எப்பவாவது ஒரு தண்ணி கெடைச்சாலும் தழைச்சுக்கும், மொத அறுப்பு 90 நாள் கிட்ட, அப்புறம் 40 நாளுக்கு ஒருக்கா, வருஷக்கணக்குல நிக்கும், திரும்ப உழவே வேண்டாம், கோடைல வெளைச்சல் கொறையும்தான் ஆனா சுத்தமா நின்னுடாது, எனக்கு அது போதும். ஏன்னா 400 கிலோ மாட்டுக்கு நாளைக்கு சுமார் 44,000 யூனிட் ஏ வேணும், அதுக்கு 110 மில்லிகிராம் கரோட்டின் (தழைல இருக்கற இதத்தான் மாட்டு உடம்பு ஏ-வா மாத்திக்கும்), நல்லா பச்சையா இருக்கற தழை நாலஞ்சு கிலோலயே வந்துரும். வயிறு ரொம்ப தட்டு போட்டுக்கலாம், மேல தழை.

வெதை தோல் கல்லு மாதிரி, அப்படியே தூவுனா பாதி மொளைக்காது. கொதிச்ச தண்ணிய எறக்கி 80 டிகிரி கிட்ட வந்ததும் அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து வெதைக்கணும். மொத மூணு மாசம் களை எடுக்கறதுதான் இதுல பெரிய வேலை, அதுல சோம்பல் பட்டா கோரை மூடிரும்.

பட்டுப்புழு வளக்கறவங்களுக்கு மல்பெரி மிச்ச தழையே பாதி வேலைய முடிச்சிரும், சுண்ணாம்புத் தூள் படாததா பாத்து போடுங்க.

வெள்ளாட்டுக்கும் ஆலம்பாடி நாட்டு மாட்டுக்கும் இதே கணக்கு வருமான்னு வச்சிருக்கறவங்கதான் சொல்லணும். எங்க வீட்ல வேலிமசால்தான், ஆனா ஒரு வருஷம் மழை சுத்தமா பொய்ச்சு தழையும் நின்னுபோச்சுன்னா, சினை ரெண்டாம் மாசத்துலயே டாக்டர கூப்டு ஊசி வேணுமான்னு கேட்டுருவேன், கடைசி ரெண்டு மாசம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.