வீட்டில் போடும் நாய் அலர்ஜி ஊசி: சுங்கை சிப்புட் பக்கம் வாங்கி வைக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் அரிப்பெடுத்து, பாதத்தை நக்கி நக்கிச் செம்பட்டையாக்கிக் கொள்ளும் நாய்க்கு இந்த ஊசி கொடுக்கிற காசுக்குத் தகும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில் இன்னும் கூடுதலாகத் தகும். தோல் நோய் நன்றாகப் பார்க்கும் மருத்துவரைத் தேடி ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். போக மட்டும் சுமார் 30 கிலோமீட்டர். ஒவ்வொரு ஊசிக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய்வர யாராலும் முடியாது. ஆனால் ஐஸ்பெட்டியை நம்ப முடியாத வீடும், ஒரு மாதத்தில் அரிப்பு நிற்க வேண்டும் என்கிறவரும் இதில் இறங்க வேண்டாம்.

கையில் கிடைப்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. சில தயாரிப்புகளில் வீரியம் கூடிக்கொண்டே போகும் இரண்டு மூன்று குப்பிகள் இருக்கும். உங்கள் நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்தப் பொருளின் சாறுதான் உள்ளே இருப்பது. மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, உடம்பை அதற்குப் பழக்குவதுதான் வைத்தியம். அரிப்பை அடக்கும் மற்ற மருந்துகளைப் போல இது அரிப்பின் மேல் கை வைப்பதில்லை. அரிப்பைக் கிளப்பும் காரணத்தின் மேல் கை வைக்கிறது. அதனால்தான் மெதுவாக வேலை செய்கிறது. சில நாய்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் தெரியும். முழுப் பலனை எடைபோட 12 மாதம் வேண்டும். போட்ட நாய்களில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம் காண்கின்றன, எல்லா நாயும் அல்ல. பலன் கண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியதுதான்.

அபோகுவெல் மாத்திரையோடும் சைட்டோபாயிண்ட் ஊசியோடும் ஒப்பிட்டுத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அபோகுவெல் ஒரே நாளில் அரிப்பைக் குறைக்கும். கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் 14 நாள்வரை தினம் இரு வேளை, பிறகு ஒரு வேளை. 12 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கூடாது, கடுமையான தொற்று இருக்கும்போதும் கூடாது. சைட்டோபாயிண்ட் கிளினிக்கில் போடுவது. ஒரு ஊசி நான்கு முதல் எட்டு வாரம்வரை தாங்கும். இரண்டும் அருமையான மருந்துகள். ஆனால் இரண்டுமே நாயின் எடைக்கு ஏற்ப அளவு கூடும் மருந்துகள். 35 கிலோ அல்சேஷன் கலப்பு நாய்க்கு மாதாமாதம் வாங்கிப் பாருங்கள், புரியும். அலர்ஜி ஊசியின் அளவோ பொதுவாக எடையைப் பார்ப்பதில்லை. பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தோட்ட வீடுகளில் காவலுக்கு வளர்க்கும் பெரிய நாய்களுக்கு வருடக் கணக்கில் பார்த்தால் ஊசியே கட்டுபடியாகும் என்பது எங்கள் கணிப்பு. முதல் சில மாதம் ஊசி பிடிக்கும்வரை அபோகுவெலையோ சைட்டோபாயிண்டையோ கூடவே வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

இந்தப் பக்கம் ஊசி தோற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல, அதற்கு முந்திய வேலையைச் செய்யாமல் விட்டதுதான். அரிப்பு இடுப்புக்குப் பின்னால், வால் அடியில் அதிகமா? தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். நெக்ஸ்கார்டு, பிராவெக்டோ போன்ற தெள்ளுப்பூச்சி மருந்து ஒன்றை வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே நேரத்தில், இடைவிடாமல் கொடுங்கள். இந்த வகை மருந்து சொறிப்பூச்சியையும் கொல்லும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு சந்தேகமும் தீரும். வலிப்பு வரும் நாய் என்றால் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காதோரம், முழங்கை எல்லாம் செதில் செதிலாகி, வீட்டு மனிதர்களுக்கும் அரித்தால் அது சொறி, அலர்ஜி இல்லை. பழைய இன்ஜின் எண்ணெய் பூசும் பழக்கம் லயத்து வீடுகளில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம்: தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் விஷம்.

அடுத்தது பூஞ்சையும் பாக்டீரியாவும். இந்த ஈரக்காற்றில் அலர்ஜி நாயின் தோலில் மலசேசியா என்ற பூஞ்சை குடியேறாமல் இருப்பது அபூர்வம். ஊசிப்போன எண்ணெய் வாடை, கருத்துத் தடித்த அக்குள், விரலிடுக்கில் பழுப்புப் பிசின் எல்லாம் அதன் அடையாளங்கள். மருத்துவர் ஒரு டேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதைத் தீர்க்காமல் எந்த ஊசி போட்டாலும் அரிப்பு போகாது. குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் இரண்டும் 2 சதவீதம் கலந்த ஷாம்பூ வாங்குங்கள். வாரம் இரு முறை, நுரை தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றினால் ஷாம்பூ வீண். தோட்டத்தில் செடிக்கு மருந்து அடித்த நாளில் நாய் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் வந்தவுடன் கால்களைக் கழுவிவிடுங்கள்; அந்த எரிச்சலை அலர்ஜி கூடிவிட்டது என்று எண்ணி ஊசி அளவைக் குறைத்துவிடக் கூடாது.

சாப்பாட்டு அலர்ஜியை எந்த ரத்தப் பரிசோதனையும் நம்பும்படி காட்டாது. அதைக் கண்டுபிடிக்க, இதுவரை சாப்பிடாத ஒரே வகை இறைச்சி, அல்லது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு (புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்தது), எட்டு வாரம், வேறு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டார் போடும் கோழி எலும்பும், ஒட்டுக்கடையில் விழும் ரொட்டித் துண்டும், இறைச்சி மணம் சேர்த்த பூச்சி மாத்திரையும்கூட இல்லை. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்க்கு இது நடக்காது. எட்டு வாரமும் கட்டித்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவும் கழித்து மிஞ்சினால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடும் பரிசோதனை. தோலில் போட்டுப் பார்க்கும் முறை ஒன்று, ரத்தம் எடுக்கும் முறை ஒன்று. தோல் பரிசோதனைக்கு முன் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரமும், ஆன்டிஹிஸ்டமின் என்ற சாதாரண அலர்ஜி மாத்திரையை ஒன்றிரண்டு வாரமும் நிறுத்த வேண்டும். “ஒரே ஊசியில் சொறி நின்றது” என்று ஊரில் புகழப்படும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அபோகுவெல், சைட்டோபாயிண்ட் இரண்டும் பரிசோதனையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. முடிவுத்தாள் வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டியல் என்றால் பேராக்கில் முளைக்காத பிர்ச் மரத்தின் மகரந்தம்கூட இருக்கும். அதற்கு ஊசி கலந்து பயனில்லை. வருடம் முழுக்க வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் முதலில் தேட வேண்டியது தூசிப் பூச்சி வகைகளை. அடுத்தது அரிசி, கோழித் தீவனம், டாக் ஃபுட் மூட்டைகளில் பெருகும் தானியப் பூச்சி, பிறகு அருகம்புல் போன்ற நம் ஊர்ப் புற்கள். நாய்க்கு எப்போது, எங்கே அரிக்கிறது என்பதோடு ஒத்துப்போகிற பொருள் மட்டும் குப்பிக்குள் போக வேண்டும். இதை விளக்கிச் சொல்லாமல் முடிவுத்தாளை அப்படியே ஆர்டருக்கு அனுப்பும் கிளினிக்கில் வாங்காதீர்கள்.

குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஈப்போவிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி வையுங்கள். குப்பி ஐஸை நேரடியாகத் தொடக் கூடாது. வெப்பத்தைவிட உறைவதே பெரிய ஆபத்து. ஆலம் என்ற உப்பில் பிடித்துவைத்த வகை ஒருமுறை உறைந்தால் கட்டிகட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு உருட்டினாலும் சேராது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டியில் ஐஸ் அறைக்கு நேர் கீழ்த் தட்டு உறையும். கதவுத் தட்டு திறக்கத் திறக்கச் சூடாகும். நடுத்தட்டில், மூடி போட்ட டப்பாவில், ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். பல மணி நேரம் வராவிட்டால் அடுத்த ஊசிக்கு முன் தெர்மாமீட்டர் காட்டிய அளவைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சிரிஞ்சு விஷயத்தில்தான் விபரீதம் நடக்கிறது. அட்டவணை மில்லியில் இருக்கும்; பார்மசியில் கிடைக்கும் இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் கோடுகள் இருக்கும். யூ-100 என்று எழுதியிருந்தால் 10 யூனிட் என்பது 0.1 மில்லி, 100 யூனிட் என்பது 1 மில்லி. யூ-40 சிரிஞ்சில் 40 யூனிட்டே 1 மில்லி; அதில் 10 கோடு இழுத்தால் 0.25 மில்லி, அதாவது இரண்டரை மடங்கு மருந்து. குழப்பமே வேண்டாம் என்றால் மில்லியில் கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்சும் 25 அல்லது 27 நம்பர் ஊசியும் கேட்டு வாங்குங்கள். மெல்லிய இன்சுலின் ஊசி நாய்க்கு அவ்வளவாக வலிக்காது, ஆனால் ஆலம் கலந்த மருந்து அதில் மெதுவாகத்தான் ஏறும்.

அளவு அட்டவணையை ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடவே கூடாது. ஆலம் கலக்காத தண்ணீர் வகையில் தொடக்கத்தில் சில நாளுக்கு ஒன்றாகவும் பிறகு வாரத்துக்கோ சில வாரத்துக்கோ ஒன்றாகவும் வரும். ஆலம் வகையில் 0.2 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வார இடைவெளியில் 0.2 வீதம் கூட்டி, 1 மில்லி வந்ததும் மாதம் ஒன்று என்ற மாதிரி வரும். உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம்.

போடும் முறை சுலபம். குப்பியைக் குலுக்காதீர்கள், நுரைக்கும். ஆலம் வகையென்றால், அடியில் படிந்த வெள்ளை மாவு முழுக்கக் கலங்கிப் பால்போல ஆகும்வரை உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டுங்கள். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை உள்ளே தள்ளி, குப்பியைக் கவிழ்த்து மருந்தை இழுங்கள். குமிழியைத் தட்டி வெளியேற்றுங்கள். இன்னொருவர் நாயின் முகத்துக்கு முன்னால் தின்பண்டத்தைக் காட்டட்டும். நீங்கள் தோள்பட்டைகளுக்கு நடுவில், சற்று ஒரு பக்கமாகத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் சாய்வாகச் செருகுங்கள். பிஸ்டனை லேசாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் வெளியே எடுத்து வேறு இடம். காற்று தாராளமாக வந்தால் ஊசி தோலைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். மயிர் நனைவதும் அதனால்தான். அப்படி மருந்து வெளியே போய்விட்டால் மறுபடி போடாதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. எழுதி வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மறு பக்கம்.

முதல் சில ஊசிகளைக் கிளினிக்கிலேயே போடச் சொல்லுங்கள். வீட்டில் போடும்போது கிளினிக் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள்: சனிக்கிழமை காலை சரி, ஞாயிறு இரவு சரியல்ல. போட்டபின் ஒரு மணி நேரம் நாய் கண்ணெதிரில் இருக்க வேண்டும், ஓட்டம் ஆட்டம் வேண்டாம். போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு வீக்கம் வந்து ஓரிரு நாளில் அடங்கினால் பயமில்லை. முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பேதி, தள்ளாடுவது, ஈறு வெளுப்பது, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் உடனே காரை எடுங்கள். தோல் மருத்துவரைத் தேடாமல் பக்கத்தில் எந்தக் கால்நடை கிளினிக் இருக்கிறதோ அங்கே. வழியில் போன் செய்து சொல்லிவிடுங்கள். வீட்டிலிருக்கும் சளி மாத்திரையைக் கையிலெடுக்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் கலந்தவை நாய்க்கு விஷம், சர்க்கரை இல்லாத சிரப்புகளில் உள்ள சைலிட்டாலும் விஷம். ஊசிக்கு முன்பு கொடுக்க அலர்ஜி மாத்திரை தேவை என்றால் மருத்துவரே பெயரும் அளவும் எழுதித் தருவார்.

காலண்டரில் ஊசித் தேதியோடு அரிப்புக்குப் பத்தில் எத்தனை என்று தினமும் ஒரு எண் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம்தான் குப்பியை உங்கள் நாய்க்குப் பொருத்தமாக்குகிறது. ஊசி போட்ட மறுநாள் இரண்டு நாள் அரிப்பு கூடுகிறதென்றால் அளவு அதிகம். போட்டதும் நன்றாயிருந்து, அடுத்த ஊசி நெருங்கும்போது அரிக்கிறதென்றால் இடைவெளி அதிகம். இரண்டையும் மருத்துவர் மாற்றித் தருவார். எண் இல்லாமல் போய் “பரவாயில்லை டாக்டர்” என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தவணை தவறிவிட்டால் இரட்டிப்பாகப் போடாதீர்கள். நீண்ட இடைவெளி விழுந்திருந்தால் சில படி கீழிறங்கித் தொடங்கச் சொல்வார்கள்.

ஊசிக்கு மேல் சுமையை ஏற்றாமலும் இருக்க வேண்டும். நாய் படுக்கும் பழைய மெத்தையையும் சாக்கையும் எடுத்துவிட்டு, 60 டிகிரி சுடுநீரில் வாராவாரம் துவைக்கக்கூடிய விரிப்பைப் போடுங்கள். டாக் ஃபுட்டைச் சின்னப் பையாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, தானிய மூட்டையிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஊசிக்கு அஞ்சுகிற வீட்டுக்கு நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தினமும், சிலவற்றில் தினம் இருமுறை. வருடக் கணக்கில் அந்த ஒழுங்கைக் காப்பது மாதம் ஒரு குத்தைவிடக் கடினம் என்பது எங்கள் எண்ணம்.

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். கெட்டியான சலவை சோப்புப் போத்தலில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுங்கள். குப்பைப் பையில் வேண்டாம், லயத்தில் குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறும். குப்பி நாய்க்கென்றே கலந்து வருவதால் புதியது கைக்கு வரப் பல வாரம் ஆகலாம். நான்கைந்து ஊசி மிச்சமிருக்கும்போதே அடுத்ததை ஆர்டர் செய்யுங்கள், புதுக் குப்பியின் முதல் ஊசியை எந்த அளவில் போடுவது என்றும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.