ஷார்ட்கட்டா, மவுஸா? வேர்டிலும் ரைட்டரிலும் எதை நம்பலாம்

வெட்ட, காப்பி எடுக்க, ஒட்ட, செய்ததைத் திரும்பப்பெற மவுஸைத் தேடிப் போவது வீண் வேலை. கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அடிக்க வேண்டிய இசட், எக்ஸ், சி, வி நான்கும் கீபோர்டின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே இந்த நான்கும் இதே வேலைகளைத்தான் செய்தன. இன்று பெரும்பாலான எழுது மென்பொருள்களில் இவை மாறுவதில்லை. கை கீபோர்டிலேயே இருக்கும், யோசனை அறுபடாது.

இந்த நான்கைத் தாண்டினால்தான் சிக்கல். ஒரே ஷார்ட்கட், அதாவது ஒரே விசைச் சேர்க்கை, மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு வேலையும், இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் ரைட்டரில் வேறொரு வேலையும் செய்யும். வேர்டில் கண்ட்ரோல்+1 அடித்தால் வரி இடைவெளி ஒற்றையாகும். ரைட்டரில் அந்தப் பத்தியே முதல்நிலைத் தலைப்பாகிவிடும். இதாவது பரவாயில்லை, கண்ணில் படும். கண்ட்ரோல்+கியூ அப்படியில்லை. வேர்டில் அது பத்திக்குக் கையால் கொடுத்த அலங்காரத்தை நீக்கும். ரைட்டரிலோ திறந்திருக்கும் கோப்புகளோடு மென்பொருளையே மூடப் பார்க்கும். ‘சேமிக்கவா?’ என்று கேட்கத்தான் செய்யும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் எழுதியது போச்சு. தமிழ்நாட்டு 11ஆம் வகுப்புக் கணினிப் பாடநூலில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரை (லிபர் ஆபீஸ் இதிலிருந்து பிரிந்ததுதான்) படித்துவிட்டு, வேலைக்குப் போனதும் வேர்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடுகளை முதல் நாளே யாராவது சொல்லித்தர வேண்டும்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேர்டில் கண்ட்ரோல்+ஸ்பேஸ், எழுத்தின் அலங்காரத்தை நீக்கி ஸ்டைலில் (பத்திக்கு முன்பே வகுத்துவைத்த வடிவத்தில்) உள்ள எழுத்துருவுக்குக் கொண்டுபோகும். யூனிகோடில் அடித்த கோப்பென்றால் கவலையில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பில் கண்ட்ரோல்+ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இதைச் செய்து பாருங்கள்: பக்கம் முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். காரணம், பாமினியில் தமிழ் இருப்பது எழுத்துருவில் மட்டும்தான். அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகளே. உடனே கண்ட்ரோல்+இசட் அடித்தால் திரும்பும். சேமித்து மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்; பாமினி எழுத்துருவை மறுபடி கொடுக்கலாம் என்றால், இடையிடையே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்கள் எழுத்துக் குப்பையாகும்.

சரி, மவுஸ் பாதுகாப்பானதா? மெனுவில் பெயர் எழுதியிருக்கிறது, படித்துவிட்டு அழுத்தலாம். அபூர்வமாகச் செய்யும் வேலைக்கு அதுவே நல்லது. ஆனால் தேர்ந்தெடுத்த பத்தியின்மேல் கை சறுக்கி இழுத்துவிட்டால், அது சத்தமில்லாமல் வேறிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நீளமான கோப்பில் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இந்த விஷயத்தில் ஷிஃப்டையும் அம்புக்குறி விசைகளையும் கொண்டு தேர்ந்தெடுப்பதே என் கட்சி.

இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதிலும் ஷார்ட்கட்தான் மேல். வெறும் எழுத்தை மட்டும் ஒட்ட, புதிய வேர்டில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி போதும். ரைட்டரில் அதோடு ஆல்ட்டும் சேர வேண்டும். எங்கிருந்தோ வரும் நிறமும் எழுத்துருவும் ஒட்டிக்கொள்ளாது. தலைப்பு ஸ்டைல்களையும் விசையிலேயே பழகுங்கள். வேர்டில் முதல்நிலைத் தலைப்புக்குக் கண்ட்ரோல்+ஆல்ட்+1. ஆங்கிலப் பட்டியல்களில் வரும் ஷிஃப்ட்+எஃப்3 பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றுவதற்கு; தமிழுக்கு அதனால் பயனில்லை.

பக்க அமைப்பு, அட்டவணை, பிரிவு முறிப்பு (செக்‌ஷன் பிரேக்) எல்லாம் மவுஸுக்கே இருக்கட்டும். இரண்டு மென்பொருளிலும் மாறிமாறி எழுதுபவர் என்றால், ரைட்டரின் டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்து, கீபோர்டு பகுதியில் கண்ட்ரோல்+கியூவை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறி இருக்கவே இருக்கிறது.