முதுமலைக்குக் குழுச் சுற்றுலா: ‘ஜீப் சஃபாரி’ என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குக் குழுச் சுற்றுலாவில் செல்லவிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சுற்றுலா நிறுவனம் எங்கள் குடும்பத்தையும் உடன் வந்த மற்றவர்களையும் ஏமாற்றியது. ஏறத்தாழ அதே வாசகங்களோடு வேறு விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன.

அந்த நிறுவனம் அனுப்பிய பயணத் திட்டத்தில், அடர்வனத்துக்குள் ஜீப் சஃபாரி, இரவு சஃபாரி, தெப்பக்காடு யானைகள் முகாம் ஆகிய மூன்றும் வனத்துறைக் கட்டணம் உட்பட அடங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர்கள், அங்கே போய்ச் சேர்ந்ததும் தெப்பக்காட்டிலுள்ள வனத்துறை வரவேற்பு மையத்தின் பக்கமே எங்களை அழைத்துச் செல்லாமல், மசினகுடியில் தனியார் ஜீப்புகளில் ஏற்றிவிட்டார்கள். அவை மாயாறுக்குச் செல்லும் பொதுச் சாலையிலும் பொக்காபுரம் பக்கத்து ஊர்ச் சாலைகளிலும்தான் ஓடின. ஊர்மக்கள் அன்றாடம் போய்வரும் சாலைகள் அவை. காப்பகத்துக்குள் சுற்றிக்காட்டுவது வனத்துறை. அதற்கான சீட்டைத் தெப்பக்காட்டில் அத்துறையே தருகிறது. எங்களுக்குச் சீட்டு எதுவும் தரப்படவில்லை. கேட்டபோது, எல்லாம் மொத்தக் கட்டணத்தில் அடக்கம் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டார்.

பணம் போனதைவிட என்னை அதிகம் வருத்தியது, விலங்குகள் நடத்தப்பட்ட விதம். சாலையோரப் புதருக்குப் பின்னால் குட்டியுடன் நின்ற ஒரு யானையைப் பார்த்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, அது எங்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக ஆக்சிலரேட்டரை மிதித்து இரைச்சல் எழுப்பினார். தாய் யானை குட்டியைத் தன் கால்களுக்கிடையில் ஒதுக்கிக்கொண்டு, காதுகளை விரித்து, துதிக்கையை உயர்த்தி இரண்டடி முன்னால் வந்தது. வண்டியில் சிறுபிள்ளைகள் இருந்தார்கள். கிளம்பச் சொல்லி நாங்கள் கத்திய பிறகுதான் வண்டி நகர்ந்தது. சரணாலயத்தில் வனவிலங்குகளைச் சீண்டுவதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பயணிகளைக் காப்பதாகச் சொல்லி அழைத்து வந்தவர்களே அதைச் செய்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவு சஃபாரி நடக்கவே இல்லை. முதுமலையில் வனத்துறை அப்படி எதையும் நடத்துவதில்லை. காப்பகத்தின் ஊடாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. இதை அறியாமல் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருக்க வாய்ப்பில்லை. யானைகள் முகாமுக்கு நண்பகலில் கொண்டுபோய் விட்டார்கள். யானைகளுக்கு உணவளிப்பதைக் காலையிலும் மாலையிலும் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், பிள்ளைகள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

பணம் கட்டுமுன் சஃபாரியை நடத்துவது வனத்துறையா தனியாரா, எந்த இடத்திலிருந்து புறப்படும், சீட்டு நம் கையில் தரப்படுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் வனத்துறை சஃபாரியை நிறுத்திவைப்பதுண்டு. அப்படி நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் அந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஒரு பகுதித் தொகையையாவது திருப்பித் தருமாறு எழுதியதற்கு, சாலையோரமும் காடுதான் என்று நிறுவனம் பதில் அனுப்பியது. அந்தப் பதில், பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் விளம்பரப் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.