ஹில்ஸ் ஏ/டி டின்: ஆபரேஷன் முடிந்த பூனைக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம்

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த என் பூனை, வழக்கமான உலர் உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் எனக்குப் பயம் வந்துவிட்டது. நோயிலிருந்து தேறும் பூனை, நாய்களுக்கான ஈர உணவான இந்த 156 கிராம் ஹில்ஸ் ஏ/டி டின்னை மருத்துவர் சொன்னார்.

கூழ் போல மிருதுவாக இருக்கிறது, மெல்லவே வேண்டாம். புரதமும் கொழுப்பும் அதிகம், அதனால் நாலு வாய் நக்கினாலும் உடம்பில் ஏதோ சேர்கிறது என்ற நிம்மதி. ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் அளவுக்குச் சூடாக்கியதும் வாசனை எழுந்தது, உடனே தலையைத் தூக்கினாள்! தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருப்பதால் ஆழமான கிண்ணம் சரிப்படாது, தட்டையான தட்டில் வையுங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக.

கொஞ்சம் தண்ணீர் கலந்தால் சிரிஞ்சிலும் ஏறுகிறது. மருத்துவர் செய்யச் சொன்னால் மட்டும், வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடலாம்.

நான்காம் நாள் தானாகவே தட்டைக் காலி செய்தாள். அப்புறம் பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். திறந்த டின்னை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவேன்.