ஷ்ரோடிங்கர் வழியா, ஹைசன்பர்க் வழியா?

ஸ்பிரிங்கில் கட்டிய ஒரு குவாண்டம் துகள். அதன் இருப்பிடத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது ஒரே மாதிரி தயாரித்த பல துகள்களில் அளந்தால் வரும் சராசரி, நேரத்தோடு எப்படி மாறும்? இதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு, விடை ஒன்றுதான்.

ஷ்ரோடிங்கர் வழியில் செயலிகள் (இருப்பிடம், உந்தம் போன்ற அளவுகளைக் குறிக்கும் கணிதக் கருவிகள்) அப்படியே நிற்கும், துகளின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பு நகரும். ஆரம்ப அலைச்சார்பை ஆற்றல் நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நேரத்தில் நகர்த்தி, திரும்பச் சேர்த்து, தொகையீடு போட வேண்டும். அந்த நிலைகளின் சூத்திரத்தில் வரும் ஹெர்மைட் கோவைகளோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் நோட்டில் பக்கங்கள் பறந்துவிடும். கடைசியில் சராசரி சைன் வளைவாக ஊசலாடும் என்று வரும்.

ஹைசன்பர்க் வழியில் நிலை அசையாது, செயலிதான் மாறும். எவ்வளவு வேகமாக என்பதை ஹாமில்டோனியனோடு, அதாவது மொத்த ஆற்றலின் செயலியோடு, அதற்குள்ள கமுட்டேட்டர் (இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசம்) சொல்லும். இருப்பிடத்துக்குப் போட்டுப் பாருங்கள்: உந்தத்தை நிறையால் வகுத்தது வரும். உந்தத்துக்குப் போட்டால் ஸ்பிரிங்கின் இழுவிசை. இரண்டே வரி, அதே ஊசல்! ஆரம்ப நிலை என்னவென்று கேட்கவே இல்லை. பாடத்தில் இதைக் கடைசியாக வைத்து மாணவர்களைப் பயமுறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, எப்போதும் ஹைசன்பர்க்தானா? இல்லை. சராசரிகள் நியூட்டன் விதி போன்ற சமன்பாட்டில் நகரும் என்று 1927-இல் எரன்ஃபெஸ்ட் காட்டினார். ஆனால் அதில் வருவது விசையின் சராசரி, சராசரி இடத்திலுள்ள விசை அல்ல. நிலையாற்றல் இருப்பிடத்தின் நான்காம் அடுக்காக இருந்தால் விசைக்கு மூன்றாம் அடுக்கின் சராசரி வேண்டும். அதற்குச் சமன்பாடு எழுதினால் இன்னும் புதிய சராசரிகள் முளைக்கும், சங்கிலி முடியாது. அங்கே அலைச்சார்பைக் கணினியில் சின்னச் சின்ன நேரப் படிகளாக நகர்த்துவதே நல்லது. ஷ்ரோடிங்கர் வழிக்கே என் ஓட்டு.

எம்ஆர்ஐ ஸ்கேனில் ஹைட்ரஜன் புரோட்டானின் ஸ்பின்னுக்கு, அதாவது அதன் உள்ளார்ந்த கோண உந்தத்துக்கு, இரண்டு வழியும் சுலபம். நிலையை எழுத இரண்டே எண்கள் போதும். ஆனாலும் ஹைசன்பர்க் வழியில் ஸ்பின்னின் மூன்று கூறுகளும் தங்களுக்குள்ளேயே சமன்பாட்டை முடித்துக்கொள்ளும், சராசரி ஸ்பின் பம்பரம் போல் காந்தப்புலத்தைச் சுற்றுவது கண்முன் தெரியும். 1.5 டெஸ்லாவில் நொடிக்குச் சுமார் 6.4 கோடிச் சுற்று. கோடானுகோடி புரோட்டான்களின் அந்தச் சுழற்சிதான் சுருளில் மின்னழுத்தமாகப் பதிவாகிறது.

அப்புறம் ரேடியோ துடிப்பையும் சேர்த்தால், செயலி, நிலை இரண்டும் நகரும் டிராக்கின் இடைப்பட்ட வழி கைகொடுக்கும். இந்த வேகச் சுழற்சியைச் செயலிகளிடம் கொடுத்துவிட்டால், துடிப்பால் ஸ்பின் மெல்லச் சாய்வது மட்டும் நிலையில் மிஞ்சும்.