ரோமுக்கு வசந்தகாலச் "சாப்பாட்டு பேக்கேஜ்": ஜோடியாகப் போகிறவர்கள் காசு கட்டும் முன் படிக்கவும்

ஏப்ரல், மே மாதங்களில் ஜோடியாக ரோமுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று யோசிக்கிறீர்களா? "ஹோட்டல், சந்தைச் சுற்று, டின்னர் எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று விற்கிறார்களே, அந்த மாதிரி பேக்கேஜுக்குக் கார்டை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ரோம் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்களாகத் தேடிப்போய் உட்கார்ந்த கடைகளில் எல்லாம் வயிறும் நிறைந்தது, பில்லும் நியாயமாக இருந்தது. வயிற்றெரிச்சல் முழுக்க முன்பணம் கட்டி, அடுத்தவர் கூட்டிக்கொண்டு போன இடங்களில்தான். விற்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. அதுவுமில்லாமல் இதே சரக்கை ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். பெயரைவிட, எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் உங்களுக்கு உபயோகப்படும்.

விளம்பரத்தைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த யாரோ எழுதியது. ஆர்ட்டிசோக் என்பது பூமொட்டாகவே பறித்துச் சமைக்கிற ஒரு காய். அதில் ரோமனெஸ்கோ என்கிற முள்ளில்லாத உருண்டை வகைக்கு இதுதான் பருவம். பிப்ரவரி வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை சந்தையில் குவிந்து கிடக்கும். அதை முழுசாக எண்ணெயில் இரண்டு முறை பொரித்தெடுப்பது ரோமின் யூதர் குடியிருப்பில் பிறந்த பக்குவம். இதழெல்லாம் பூவாக விரிந்து ஓரம் மொறுமொறுவென்று நொறுங்கும், நடுப்பகுதி வாயில் கரையும். அப்புறம் விஞ்ஞரோலா. ஃபாவா அவரை, பச்சைப் பட்டாணி, ஆர்ட்டிசோக் மூன்றும் இளசாக ஒன்றாகக் கிடைக்கிற சில வாரங்களுக்கு மட்டும் செய்கிற பதார்த்தம். மே 1 வந்தால் ரோம்காரர்கள் கூடை நிறையப் பச்சை ஃபாவாவை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பி, உரித்து உரித்து, பெக்கொரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸைக் கடித்துக்கொண்டு தின்பார்கள். இவ்வளவும் நிஜம். இந்த நிஜத்தைக் காட்டித்தான் பொய்யை விற்றார்கள்.

எங்களுக்குச் சொன்னது இது: நடு ஊரில் நான்கு நட்சத்திர ஹோட்டல், உள்ளூர் வழிகாட்டியோடு தெஸ்தாச்சோ சந்தையில் ஒரு காலைப்பொழுது, ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த காளான்) சுவைப்பு, கடைசி இரவு ஒயினோடு "வசந்தகால டின்னர்". கையிலிருந்து மேற்கொண்டு ஒரு சென்ட்கூட எடுக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஹோட்டலில் கால் வைத்ததுமே அது பொய்யாகிவிட்டது. ரோமில் தங்குபவர்கள் நகராட்சிக்கு வரி கட்ட வேண்டும். நான்கு நட்சத்திர ஹோட்டல் என்றால் தலைக்கு ஓர் இரவுக்கு 7.50 யூரோ. ஹோட்டல்காரர் கேட்டது முறையான பணம். விற்றவர்தான் அதை மறைத்துவிட்டார்.

சந்தைச் சுற்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கப்பட்டிருந்தது. தெஸ்தாச்சோ சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் கூடும் காய்கறிச் சந்தையும் திங்கள் முதல் சனி வரைதான். வவுச்சர் வந்த அன்றே இதைக் கேட்டு எழுதினேன். "வழிகாட்டி பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தது. வழிகாட்டி ஒரு சின்னப் பெண். அவரிடம் முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார்கள், பாவம். பூட்டிக் கிடந்த சந்தைக்கு வெளியே நின்று, உள்ளே எந்தப் பக்கம் மீன்கடை, எந்தப் பக்கம் இறைச்சிக்கடை என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். எங்களோடு வந்திருந்த இன்னொரு ஜோடி கம்பிக்கதவை மரியாதைக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் அது முடிந்து, "சுவைப்புக்கு" ஒரு கடைக்குள் கூட்டிப் போனார்.

அங்கே "புத்தம் புதிய வெள்ளை ட்ரஃபிள்" என்று ஆரம்பித்தார் கடைக்காரர். ஏப்ரலில்! பேர்போன வெள்ளை ட்ரஃபிள் இலையுதிர் காலத்துச் சரக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அதன் காலம். வசந்தத்தில் கிடைப்பது பியாங்கெத்தோ என்கிற அதன் மலிவான உறவுக்கார வகை. பூண்டு வாடை தூக்கலாக இருக்கும், அதிலும் ஒரு ருசி உண்டு, ஆனால் விலையில் கிட்டவே வராது. ரொட்டித் துண்டில் எங்களுக்குத் தடவிக் கொடுத்தது அதுகூட இல்லை. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் ஆலிவ் எண்ணெய், அடுத்து "அரோமா" என்ற ஒரு சொல், அடியில் கடுகளவு காய்ந்த துணுக்கு. ட்ரஃபிள் எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு வாசனை தருவது 2,4-டைதையாபென்டேன் என்ற ஆய்வகத்துச் சரக்குதான். அது தெரிந்தே பிடித்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். புதிய வெள்ளை ட்ரஃபிள் என்று வாயால் சொல்லி அதை விற்பதைத்தான் சொல்கிறேன். யாரும் வாங்காமல் கிளம்பியதில் கடைக்காரர் முகம் சுருங்கியது, அந்தப் பெண்ணின் முகம் அதைவிட.

டின்னர்தான் பெரிய கூத்து. மாலை ஆறரைக்கு மேசை. ரோமில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் எட்டு மணிக்கு முன்னால் உட்காரமாட்டார்கள். ஆறரைக்கு அடுப்பு எரிகிறது என்றால் யாருக்காக எரிகிறது என்று சொல்லத் தேவையில்லை. பேக்கேஜ்காரர்களுக்கென்று தனி மெனு அட்டை. அதில் ஆர்ட்டிசோக் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி. அட்டையின் கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், நட்சத்திரம் போட்டவை உறைய வைத்த பொருட்கள் என்று இருந்தது. இத்தாலியில் உறைய வைத்ததைச் சொல்லாமல் பரிமாறினால் அது மோசடிக் குற்றமாகும், அதனால்தான் அந்தக் குறி. எந்த அட்டையைப் பார்த்தாலும் முதலில் கடைசி வரிக்குப் போங்கள். எனக்குப் பில்லைவிட இதில்தான் ஆத்திரம். நான்கு தெரு தள்ளி மூட்டை மூட்டையாகப் பச்சை ஆர்ட்டிசோக் கிடக்கிற மாதத்தில், ரோமிலேயே, ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் போட எப்படித்தான் மனசு வந்ததோ.

அடுத்து மீன். பேக்கேஜில் இருந்த மீன் தீர்ந்துவிட்டதாம். சர்வர் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, கண் பளபளக்கும் கடல் பாஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இது நல்லது, இன்று பிடித்தது, ஒன்பது யூரோதான் கூடுதல் என்றார். எங்கள் கண் முன்னே எடை போடவில்லை. இத்தாலியில் முழு மீனுக்கு விலை எத்தோ கணக்கில் போடுவார்கள். ஓர் எத்தோ என்றால் 100 கிராம். அட்டையில் 9 என்று இருந்தால் கிலோ 90 யூரோ. எடையும் தலை, முள், குடலோடு சேர்த்துத்தான். இரண்டு பேருக்கு அறுநூறு, எழுநூறு கிராம் மீனே தாராளம். இவர்கள் எடுத்து வருவது நாலு பேர் சாப்பிடுகிற மீன். விலை சொல்லும்போது "எத்தோ" என்பதை விழுங்கிவிடுவார்கள்.

பில் என்று வந்தது ஆர்டர் எடுக்கிற சின்னத் தாளில் பேனாவால் கிறுக்கியது. மீன் 126, ரொட்டி 6, தண்ணீர் 5, ஒயின் "வித்தியாசம்" 18, அதன் மேல் பதினைந்து சதவீத சர்வீஸ் 23.25. ஏற்கெனவே பணம் கட்டின டின்னருக்கு மேற்கொண்டு 178.25 யூரோ.

இவருக்குச் சண்டை என்றாலே ஆகாது. "விடும்மா, கடைசி நாள், கொடுத்துட்டுக் கிளம்பலாம்" என்றார்.

"இருங்க, முறையான ரசீது கேட்போம். அதுக்கப்புறம் கொடுக்கலாம்" என்றேன்.

மூன்றே விஷயம் கேட்டேன், குரலை உயர்த்தாமல். வரி ரசீது வேண்டும். அதில் மீனின் எடை இருக்க வேண்டும். சர்வீஸ் பதினைந்து சதவீதம் என்று மெனுவில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள். மேனேஜர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து மெஷினில் அடித்த ரசீதோடு வந்தார். சர்வீஸ் காணாமல் போயிருந்தது. மீன் 81 யூரோ ஆகியிருந்தது. அதாவது எங்கள் தட்டில் முள்ளாகக் கிடந்த மீன் அந்தப் பத்து நிமிடத்தில் அரை கிலோ இளைத்துவிட்டது! மொத்தம் 110. அதையும் மறுத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விடிந்தால் விமானம். கார்டில் கட்டிவிட்டு, இரண்டு தாளையும் மெனு அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

இதெல்லாம் ரோமுக்குப் புதிதும் இல்லை. 2009-ல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்கு மதியச் சாப்பாட்டுக்கு 695 யூரோ தீட்டி, நாடே பேசியது. 2019-ல் இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு மீன் போட்ட ஸ்பகெத்தி இரண்டு தட்டும் தண்ணீரும் 429.80 யூரோ, அதில் 80 யூரோ சர்வீஸ். அந்த ரசீதின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கோபெர்த்தோ என்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்தை ரோம் அடங்கிய லாசியோ மாநிலம் 2006-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதனால் அதே பணத்தை ரொட்டி என்றும் சர்வீஸ் என்றும் பெயர் மாற்றி வாங்குகிறார்கள். மெனுவில் அச்சடித்திருந்தால் சரி, கொடுக்கத்தான் வேண்டும். ரொட்டி வேண்டாம் என்றால் வந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம். ரசீது தர மறுத்தால் 117 என்ற எண். வரி விவகாரங்களைப் பார்க்கிற குவார்தியா தி ஃபினான்ஸா காவல்படைக்குப் போகும். கூப்பிடும் அளவுக்கு எங்களுக்குப் போகவில்லை.

திரும்பி வந்து புகார் எழுதினால், பேக்கேஜ் விற்றவர்களின் பதில் அச்சு வார்த்தது: "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சந்தைக்கும் உணவகத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல." இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய பேக்கேஜ் பயண விதிப்படி, தங்குமிடத்தோடு வேறொரு சுற்றுலாச் சேவையைச் சேர்த்து ஒரே விலையில் விற்று, அந்தச் சேவையைத்தான் பயணத்தின் முக்கிய அம்சம் என்று விளம்பரமும் செய்தால் அது பேக்கேஜ்தான். சமையல்காரர் சொதப்பினாலும் பதில் சொல்ல வேண்டியவர் பேக்கேஜை அமைத்தவர். சொன்னது கிடைக்காவிட்டால் விலையில் குறைத்துத் திருப்பித் தர வேண்டும். ஆனால் குறையைத் தாமதிக்காமல் தெரிவித்திருக்க வேண்டும். பூட்டிய சந்தை முன்னால் நின்றபடியே நான் அனுப்பிய ஒரு செய்திதான் எங்களைக் காப்பாற்றியது. இன்னொன்று: இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்ற விதி, தேதி குறித்த ஹோட்டலுக்கோ உணவு முன்பதிவுக்கோ பொருந்தாது. அதை நம்பி அவசரமாகப் பணம் கட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழிப் புகார்த் தளத்தில் போடு என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது 2025 ஜூலை 20-ல் மூடப்பட்டுவிட்டது. ஒன்றியத்துக்குள் வசிப்பவர்கள், விற்றவர் வேறு உறுப்பு நாட்டில் இருந்தால், தங்கள் நாட்டு ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் வசந்தத்தில் ரோமுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன், பேக்கேஜ் இல்லாமல். வெள்ளி முதல் ஞாயிறு வரை என்று வழக்கமாக விற்கிற கணக்கு சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒத்துவராது. யூதர் குடியிருப்பின் கோஷர் (யூத மத விதிப்படி சமைக்கிற) உணவகங்கள் வெள்ளி சாயங்காலம் மூடினால் சனி பொழுது சாய்ந்த பிறகுதான். ஞாயிறு சந்தை இல்லை. செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் போய்வந்தால் சந்தையும் கிடைக்கும், ஆர்ட்டிசோக்கும் கிடைக்கும். ஈஸ்டர், அதற்கு மறுநாள் திங்கள், ஏப்ரல் 25, மே 1 நான்கும் விடுமுறை. நல்ல கடைகள் பலதும் அடைத்திருக்கும், திறந்தவற்றில் கூட்டம் நெரியும். யூதர்களின் பாஸ்கா பண்டிகையும் இந்தச் சமயத்தில்தான் வரும் என்பதால் அந்தத் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையை நீங்களே போனில் சொல்லிவைக்கலாம், அதற்கு யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. நேரம் எட்டு மணிக்கு மேல். மீன் கேட்டால் சமைக்கும் முன் எடை போட்டு, மொத்த விலையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நல்ல கடையில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் கதை இப்போது இந்த நிலையில் இருக்கிறது. சந்தைச் சுற்றுக்கும் டின்னருக்கும் உரிய தொகையைப் பேக்கேஜ் நிறுவனம் முனகிக்கொண்டே திருப்பிவிட்டது. உணவகத்துக்குக் கட்டிய 110 யூரோவைக் கார்டு வங்கி வழியாகக் கேட்டிருக்கிறோம். வங்கி கேட்ட ஆதாரங்களில் அந்தக் கையெழுத்துத் தாளும் ஒன்று. ரசீது அடித்து வந்தபோது மேனேஜர் பழைய தாளைத் திரும்பக் கேட்டார், "இனி இது எதற்கு" என்று. கொடுக்கவில்லை. உங்களிடம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.